மானாமதுரைப் பானையில் அப்பாவின் இன்சுலின்: எட்டு மாத அனுபவம்

மானாமதுரையில் மூன்று மண் சாமான் வாங்கினேன். பெரிய பானை ஒன்று, அதற்குள் இரண்டு விரல் இடைவெளி விட்டு உட்காருகிற சின்னப் பானை ஒன்று, மூடி ஒன்று. பேரம் பேசாமல் 420 ரூபாய். தண்ணீருக்காக வாங்கவில்லை, அப்பாவின் இன்சுலினுக்காக வாங்கினேன். வாங்கியது மார்ச், இப்போது அக்டோபர் முடியப்போகிறது. கத்திரி வெயிலையும் பார்த்துவிட்டது, ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது. இனிமேல் எழுதலாம்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்று. சீல் உடைக்காத குப்பிக்கு இது ஆகாது. அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், எந்தப் பானையும் அதைத் தராது. சீல் உடைத்து ஊசி போட ஆரம்பித்த குப்பிக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. அதற்கும் உங்கள் இன்சுலின் அட்டைப்பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிலதில் 25 டிகிரிக்குக் கீழே என்று இருக்கும், சிலதில் 30. எத்தனை நாள் என்பதும் அங்கேயே இருக்கும், பெரும்பாலும் நாலு வாரம் சுமார். அப்பாவுடைய அட்டையில் 30. 25 என்று போட்டிருந்தால் மேலே படிக்க வேண்டாம், மதுரை வெயிலில் இந்தப் பானை பாஸ் ஆகாது.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. சர்க்கரை வந்து பதினோரு வருஷம், ஊசி நாலு வருஷமாக. காலையில் 18 யூனிட், ராத்திரி 12. பால் மாதிரி இருக்கும் 30/70 கலவை, 10 மில்லி குப்பி, மில்லிக்கு 40 யூனிட். ஆக ஒரு குப்பியில் 400 யூனிட், பதிமூணு நாளில் காலி. இந்தப் பதிமூணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருஷம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் புரதங்கள் திரளும் வேகத்தை அளந்துகொண்டிருந்தவள். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன். 'வேதிவினை வேகவியல்' பாடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன் என்று பிள்ளைகள் சொல்லும். இந்த விமர்சனத்திலும் அது நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பானைக்கு வந்த கதை ஃப்ரிட்ஜில் ஆரம்பிக்கிறது. போன வருஷம் தவணையில் எடுத்தது, கம்பெனி பேர் வேண்டாம். மூணாம் மாதமே பின்சுவரில் பனி கட்ட ஆரம்பித்தது. அம்மா, பத்திரமாக இருக்கட்டும் என்று குப்பியைப் பின்சுவரை ஒட்டித் தள்ளிவிட்டு முன்னால் மாவு வாளியை வைத்திருக்கிறாள். ஒரு ராத்திரி குப்பி உறைந்திருக்கிறது. காலையில் வெளியே எடுத்து வைத்ததும் இளகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. வெறும் வயிற்றில் 150, 160 என்று இருந்த சர்க்கரை அடுத்த வாரம் 312. "ஊசிய விட்டுட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டதில் அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. "நாலு வருசத்துல ஒரு நாள் விட்டிருப்பேனா?" என்று வீட்டில் எல்லோரிடமும் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

நான் போய்க் குப்பியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் உருட்டினால் ஒரே சீராகப் பாலாக வேண்டிய மருந்து, திரிந்த பால் மாதிரித் துணுக்குத் துணுக்காக மிதந்தது. கண்ணாடியில் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஒரு படலம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது உப்பையும் புரதத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீருக்குள் நெருக்கித் தள்ளும். அந்த நெரிசலில் ஒட்டிக்கொண்டது, பனி இளகினாலும் பிரியாது. வெயிலுக்குப் பயந்து பயந்து வைத்த மருந்து குளிரில் செத்துப்போனது.

அடுத்து இணையத்தில் ஒரு குளிர்ப்பை, 1,850 ரூபாய். தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளேயிருக்கும் மணிகள் ஜவ்வரிசி மாதிரி உப்பிக்கொள்ளும், அந்த ஈரம் மெல்ல ஆவியாகிப் பை குளிரும். தத்துவம் சரிதான், பானையும் அதே தத்துவம்தான். ஆனால் அதைக் காற்றாட வைக்க வேண்டும். அப்பா அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அந்த டப்பாவை மஞ்சப்பையில் போட்டு, மஞ்சப்பையைப் பூக்கூடைக்குள் சொருகுவார். ஈரம் எங்கே போகும்? மூணாம் வாரம் பூசண நாற்றம் வந்தது, தையலும் விட்டது. திருப்பி அனுப்பினால் 'உபயோகித்த பொருள்' என்று மறுத்துவிட்டார்கள். அதோடு சரி.

மானாமதுரை யோசனை அம்மாவுடையது. மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர், வைகைக் கரை. சுற்றுவட்டக் கண்மாய் மண்ணில் பானையும் அடுப்பும் கடமும் செய்கிற ஊர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அடுக்கி வைத்திருந்த கடையில் நான் ஒவ்வொரு பானையாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணீரென்று கேட்டால் நல்ல பானை என்று யாரோ சொல்லிக் கேள்வி. கடையிலிருந்த பெரியம்மா சிரித்துவிட்டார்.

"எதுக்குத்தா வேணும்?"

"உள்ள மருந்து வைக்கணும் பெரியம்மா. குளுகுளுன்னு இருக்கணும்."

"அப்ப ஏன் சத்தம் பாக்குற? சத்தம் பாக்கிறது கடம் வாசிக்கிறவுக. நல்லா வெந்து இறுகிப்போச்சுன்னா தண்ணி கசியாது, கசியலைன்னா குளுமை வராது. இந்தா, இத எடு. பெயின்ட் அடிச்சதத் தொடாத."

எடுத்துக் கொடுத்தது சுமாராகத்தான் ஒலித்தது. தண்ணீர் ஊற்றி வைத்தால் கால் மணி நேரத்தில் வெளிப்பக்கம் வியர்த்தது. என் ஆறு வருஷப் படிப்பில் நுண்துளைப் பொருட்கள் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

இரண்டு பானைக்கும் நடுவே மணல் நிரப்ப வேண்டும். மணலை நனைத்து வைத்தால் தண்ணீர் வெளிப்பானை வழியாகக் கசிந்து ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகிறது, அது சாதாரணக் கணக்கில்லை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இந்த இரட்டைப் பானையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காய்கறி கெடாமல் வைக்கக் கற்றுக்கொடுத்தார், 2000-ல் ரோலெக்ஸ் விருது வாங்கினார். அவர் ஊரில் மணலுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. எனக்கு வைகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அரை வாளி ஆற்று மணலுக்கு மூன்று வீடு ஏறி இறங்க வேண்டியிருந்தது. எம்-சாண்டில் முதலில் முயன்றேன். அதிலிருந்த பொடி சகதியாகி இறுகிவிட்டது, ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. கடைசியில் மச்சு கட்டும் ஒருவர் வீட்டு மிச்ச மணல் கிடைத்தது.

வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்து காட்டும் சின்னக் கருவியைக் குப்பிக்குப் பக்கத்திலேயே வைத்து, பகல் மூணு மணிக்கு அம்மாவை எழுதச் சொல்லியிருந்தேன். காலண்டர் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ஏப்ரல் நடுவில் திண்ணையில் 38.6, பானைக்குள் 28.1. கத்திரியில் ஒரு நாள் திண்ணையில் 41.2, பானைக்குள் 28.9. எட்டு மாதத்தில் பானைக்குள் 30-ஐத் தாண்டியது ஒரே ஒரு நாள், ஒத்தக்கடையில் கல்யாணம் என்று எல்லோரும் போய்விட்டோம், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கிறது.

இதற்கு மேல் குளிருமா என்று ஆசைப்படாதீர்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி என்ன காட்டுமோ அதுதான் எல்லை, பாடப்புத்தகம் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறது. 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை 26 பக்கத்தில் நிற்கும். பானை அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலே நின்றுகொள்கிறது. மழைக் காலத்தில் வெளியே 29, உள்ளே 28. அப்போது பானை வெறும் பானைதான், ஆனால் அப்போது பானையே தேவையில்லை. எப்போது தேவையோ அப்போது வேலை செய்கிறது. இப்படி ஒரு சாமானை நான் வேறு பார்த்ததில்லை.

சரி, 41-லிருந்து 29 ஆனதால் மருந்துக்கு என்ன லாபம்? அப்பா கேட்டது இதைத்தான், கொஞ்சம் எரிச்சலாக. "இருபத்தொம்பதும் சூடுதான?"

இங்கேதான் என் பழைய பிழைப்பு உதவிக்கு வந்தது.

இன்சுலின் சின்னப் புரதம், 51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி. குப்பிக்குள் அது தனித்தனியாகத் திரிவதில்லை. துத்தநாகத்தை நடுவில் வைத்து ஆறு ஆறாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அந்தக் கட்டில் இருக்கும்வரை பத்திரம். அவ்வப்போது ஒன்றிரண்டு தனியாகக் கழன்று வரும், கழன்றது கொஞ்சம் மடிப்பு பிரியும், மடிப்பு பிரிந்தவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டால் நாராகும். முடிக்கற்றையை விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய நார். நாரான இன்சுலின் சர்க்கரையைக் குறைக்காது. 1940-களிலேயே டேவிட் வா என்பவர் இன்சுலினை அமிலத்தில் சுடவைத்து இந்த நாரை வரவழைத்துக் காட்டிவிட்டார்.

இதில் விசேஷம் வேகம்தான். முதல் நாலைந்து மூலக்கூறு சேர்வதுதான் கஷ்டம், சேரும், உடனே பிரியும். அதனால் வெகுநேரம் வெளியே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஒரு கரு எப்படியோ நிலைத்துவிட்டால் அதன் நுனியில் மற்றவை வந்து வந்து ஒட்டும். பிறகு இன்னொரு கூத்து: ஏற்கெனவே இருக்கும் நாரின் பக்கவாட்டிலேயே புதுக் கருக்கள் பிறக்கும். நார் ஒடிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நுனி. ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, கடைசியில் மூலக்கூறு தீர்ந்து அடங்கும். வரைபடத்தில் தரையோடு படுத்திருந்த கோடு திடீரென்று நிமிர்ந்து மறுபடி படுத்துக்கொள்ளும்.

தரையில் கோலமாவால் இந்தக் கோட்டை வரைந்து காட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொட்டு மாதிரின்னு சொல்லு."

ஆச்சரியமாக இருந்தது. மல்லிகையை விடிவதற்குள் மொட்டாகப் பறிக்கிறார்கள். பகல் முழுக்க அது மொட்டாகவே கிடக்கும், சாயங்காலம் பார்த்தால் கூடையே விரிந்திருக்கும். விரியும் நேரத்தைத் தள்ளிப்போடுவதுதான் பூ வியாபாரமே, வெளியூர் போகிற பூவைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்புவது அதற்குத்தான். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் 'தயக்க நேரம்' என்று சொன்னதை அப்பா நாற்பது வருஷமாகக் கூடையில் சுமந்திருக்கிறார்.

நான் விடவில்லை. "விரிஞ்ச பூ பக்கத்து மொட்ட விரிய வைக்காதேப்பா. இதுல ஒரு நார் வந்தா அது பக்கத்துல உள்ளதையும் நாராக்கும்."

"அழுகுன பூ ஒண்ணு கெடந்தா கூடையே போயிரும்ல? அப்படி வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அன்றைக்கே இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. அப்பா சிக்கனக்காரர். பழைய குப்பியில் அடியில் நிற்கும் ஐந்தாறு யூனிட்டை ஊசியில் உறிஞ்சி, புதுக் குப்பிக்குள் பீய்ச்சிவிடுவாராம், 'வீணாப் போக வேணாம்னு'. தலையில் கை வைத்துக்கொண்டேன். இது உறைமோர் ஊற்றுகிற வேலை. பழைய குப்பியில் கண்ணுக்குத் தெரியாத நார்த்துண்டு நாலு இருந்தால் போதும், புதுக் குப்பியின் தயக்க நேரம் முழுவதையும் தாண்டிக் குதித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை அவசரமாக முடிக்க வேண்டுமென்றால் நாங்கள் செய்வதே அதுதான், பழைய நாரை நொறுக்கி ஒரு சொட்டு விடுவோம்.

அந்த ஆறு வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியிலும் புரதக் கரைசலோடு தயோஃப்ளேவின் டி என்ற சாயம். நார் வந்தால் சாயம் அதில் ஒட்டிக்கொண்டு ஒளிரும், கருவி அந்த ஒளியை அளந்துகொண்டே போகும். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நிமிஷத்தில் ஊற்றிய மூன்று குழி மூன்று நேரத்தில் நிமிரும். ஒன்று நாலு மணி நேரத்தில், பக்கத்துக் குழி ஏழில். ஆராய்ச்சி வழிகாட்டிக்கு என் மேல் சந்தேகம், எனக்குக் கரைசலை உறிஞ்சி ஊற்றும் குழாய்முனை மேல் சந்தேகம். பல தடவை குற்றவாளி ஒரு காற்றுக்குமிழி. குமிழி நின்ற குழிதான் முதலில் ஒளிரும். புரதத்துக்குத் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடம் பிடிக்கும், அங்கே போய் மடிப்பை அவிழ்த்துக்கொண்டு வரிசை கட்டும். தட்டைக் குலுக்கினால் இன்னும் மோசம், புதுப்புது காற்றுப் பரப்பும் கிடைக்கிறது, இருக்கிற நாரும் ஒடிகிறது.

இந்தக் கணக்கெல்லாம் இன்சுலினில் ஆரம்பித்ததில்லை. 1962-ல் ஜப்பானில் ஓசாவாவும் கசாயும் தசைப் புரதமான ஆக்டின் நாராகக் கோத்துக்கொள்கிற விதத்துக்குச் சமன்பாடு போட்டார்கள். நார் ஒடிந்து பெருகுவதற்கான சமன்பாட்டின் தீர்வு 2009-ல்தான் கையில் கிடைத்தது. எனக்குப் பிடித்தது நடுவில் வந்த ஒன்று. 1974-ல் ஹாஃப்ரிக்டரும் ராஸும் ஈட்டனும் அரிவாள் செல் நோயின் ஹீமோகுளோபினை அளந்தார்கள், ரத்த அணுவுக்குள் திரண்டு அணுவையே அரிவாள் மாதிரி வளைத்துவிடும் புரதம் அது. அது திரள எடுத்துக்கொள்ளும் தாமதம், செறிவின் ஏறக்குறைய முப்பதாவது அடுக்கைப் பொறுத்து மாறியது. முப்பதாவது அடுக்கு! டியூஷனில் இரண்டாம் படி வினையே கஷ்டம் என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். அவர்கள் சொன்ன கருத்து இன்னும் அழகு: திரள்வதை நிறுத்தவே வேண்டாம், ரத்த அணு மெல்லிய ரத்தக் குழாயைக் கடந்துபோகும் நேரத்தை விடத் தாமதம் நீண்டிருந்தால் போதும், தப்பிவிடும்.

அப்பாவின் கேள்விக்கும் அதுதான் பதில். பானைக்குள் 29 சூடுதான். ஆனால் நமக்குப் பதிமூணு நாள்தான் வேண்டும். அந்தக் கோடு தரையிலிருந்து நிமிர்வதற்குள் குப்பி காலியாகிவிட வேண்டும், அவ்வளவுதான். 41-க்கும் 29-க்கும் நடுவே எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். '10 டிகிரிக்கு இரண்டு மடங்கு' என்ற பழைய கட்டைவிரல் விதி ஒற்றை வினைக்குச் சொன்னது. இங்கே கரு பிடிப்பது ஒரு வேகம், நுனி வளர்வது ஒரு வேகம், பக்கவாட்டில் பிறப்பது ஒரு வேகம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆற்றல் தடை. நாங்கள் நார் வரவழைத்ததும் அமிலத்தில், 60 டிகிரியில், குலுக்கிக்கொண்டே. அமிலம் அந்த ஆறு பேர் கட்டை அவிழ்த்துவிடும். மருந்துக் குப்பி அப்படிப் பலவீனமானது இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தாதாப் அகதி முகாம் வீடுகளில் அளந்த வெப்பநிலையை வைத்து, 25-க்கும் 37-க்கும் நடுவே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். குளிரில் வைத்ததோடு ஒப்பிட்டால் வீரியம் குறையவில்லை. ஆகவே ஒரு நாள் மின்சாரம் போனால் பதற வேண்டாம். அதற்காக அட்டையில் போட்டிருப்பதை மீறச் சொல்லவும் இல்லை.

குறைகள் இருக்கின்றன. முதல் குறை ஈரம். உள்பானைச் சுவரும் நசநசவென்று இருக்கும். முதல் வாரமே குப்பியின் லேபிள் ஊறி உரிந்துவிட்டது, காலாவதித் தேதி போயே போய்விட்டது. இப்போது மூடி இறுகிய சின்ன எவர்சில்வர் டப்பாவுக்குள் குப்பியை வைத்து, டப்பாவை உள்ளே வைக்கிறோம். இரண்டாவது, உப்பு. எங்கள் போர்த் தண்ணீர் கடும் உப்பு. இரண்டே மாதத்தில் வெளிப்பானை முழுக்க வெள்ளை பூத்துத் துளைகள் அடைத்துக்கொண்டன. ஜூனில் உள்ளே வெப்பம் மெல்ல ஒன்றரை டிகிரி ஏறியதை அம்மாவின் காலண்டர் தாளில்தான் கண்டுபிடித்தேன். தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, குடிதண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகு சரியானது. உப்புத் தண்ணீர் வீடுகள் மாதம் ஒருமுறை தேய்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, எறும்பு. ஏன் வருகிறது என்று தெரியவில்லை, வருகிறது. கீழே தண்ணீர்த் தட்டு வைத்தாயிற்று. இவற்றுக்காக ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்கிறேன், அஞ்சுக்கு நாலு. 420 ரூபாய்க்கு இது அதிகம்தான்.

ஆனால் பானை வந்த பிறகும் ஜூலையில் ஒரு குப்பி கெட்டது. கடைசி நாலு நாள் சர்க்கரை 200-க்கு மேல். வெளிச்சத்தில் பிடித்தால் கழுத்துப் பக்கம் மெல்லிய திரி திரியாக. பானைக்குள் 28 டிகிரியில் இருந்த குப்பி எப்படிக் கெடும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். அப்புறம் ஒரு நாள் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து அப்பா கூடவே போனேன்.

குப்பி பானைக்குள் இருந்தது பகலும் ராத்திரியும்தான். காலையில் அது தோட்டத்துக்கு மொபெட்டில் போகிறது, வண்டிப்பாதை, குண்டும் குழியும். அங்கிருந்து பூக்கூடைகளோடு லோடு ஆட்டோவில் மாட்டுத்தாவணி. ஏழரை மணிக்குப் பூ மார்க்கெட்டில், இட்லி வருவதற்கு முன்னால், கமிஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஊசி. அதற்கு முன்னால் குப்பியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இருமல் டானிக் பாட்டில் மாதிரி நாலு குலுக்கு. உள்ளே நுரை. திரும்பவும் லோடு ஆட்டோ. தினம் அம்பது கிலோமீட்டருக்கு மேல் என் தட்டு ஆட்டும் கருவியைவிட நன்றாக ஆடியிருக்கிறது. குப்பி காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடுகிறது, ஆட ஆட அந்தக் காற்றும் மருந்தும் புரள்கின்றன. கடைசி நாலு நாளில் கெட்டது தற்செயல் இல்லை.

"பைய உருட்டுங்கப்பா. குலுக்கக் கூடாது. உள்ளங்கைல வச்சு இப்படிப் பத்துத் தடவ."

"டானிக்கு குலுக்கித்தான குடிக்கச் சொல்றாக?"

"அது டானிக்குப்பா."

உருட்ட ஒப்புக்கொண்டார். பயணத்துக்கு என்ன செய்வது? ஊசியை வீடு திரும்பிப் போடலாமென்றால் பத்தரை ஆகிவிடும், அதுவரை சாப்பிடாமல் இருக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. குப்பி போகாமல் அப்பா மட்டும் போக வேண்டும். அதாவது இரண்டு குப்பி: ராத்திரிக்கு வீட்டில் ஒன்று, காலைக்கு மார்க்கெட்டில் ஒன்று. கணக்குப் போட்டேன். மார்க்கெட் குப்பி தினம் 18 யூனிட், 22 நாள் வரும். வீட்டுக் குப்பி 12 யூனிட், 33 நாள், அது நாலு வாரத்தைத் தாண்டுகிறது. ஆகவே 28-ம் நாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அப்பாவுக்கு அந்த அறுபது யூனிட்டைக் கொட்டுவதுதான் ஊசியை விட வலிக்கிறது.

ஆகஸ்டில் மறுபடி மானாமதுரை. அதே பெரியம்மா, அதே மாதிரி இரண்டு பானை, இந்தத் தடவை 400. கமிஷன் கடைக்காரர் முதலில் இடமில்லை என்றார். பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் எப்போதும் கையில் இருக்கிற இடம், மணலை நனைக்கத் தனியாக ஆள் வேண்டாம், தராசுக்குப் பின்னால் ஒரு மூலை போதும் என்று அப்பா கெஞ்சாத குறை. வைத்தோம். அங்கே ஆள் நடமாட்டமும் காற்றும் ஜாஸ்தி, செப்டம்பர் பகலில் வீட்டுப் பானையை விட அரை டிகிரி குறைவாகவே காட்டியது. அதன் பிறகு இதுவரை எந்தக் குப்பியிலும் திரி இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 பக்கம். பானையால் என்று மட்டும் சொல்ல மாட்டேன், உருட்டுவதும் சேர்த்துத்தான்.

போன வாரம் மார்க்கெட் போனபோது பானையைத் திறந்து பார்த்தேன். நாலு டப்பா இருந்தன. ஒன்று அப்பாவுடையது. இரண்டாவது கடைக் கணக்குப்பிள்ளையுடையதாம், மூன்றாவது எதிர்க்கடை அக்காவுடையது, அடையாளத்துக்கு வாழைநார் கட்டியிருந்தார். நாலாவது யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே பாதிக் குப்பி, எப்போது பிரித்தது என்ற தேதியும் இல்லை. டப்பா மேல் தேதி எழுதாமல் யாரும் உள்ளே வைக்கக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கணக்குப்பிள்ளை பேரேட்டில் வைத்திருக்கும் மார்க்கர் பேனாவைப் பானை மூடியோடு நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நேற்று போன் வந்தது: சம்பங்கி மூட்டை விழுந்து வெளிப்பானை வாய் உடைந்துவிட்டதாம், உள்பானைக்கு ஒன்றும் இல்லையாம், ஞாயிற்றுக்கிழமை மானாமதுரை போனால் அவர்களுக்கும் சேர்த்து நாலு ஜோடி எடுத்து வரச் சொன்னார்கள்.